சீருடை கட்டாயம் என்றால், யாருக்குக் கட்டாயம்?

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சீருடை கட்டாயமாக இருக்க வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கடலூரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், "ஸ்கூல்னா யூனிஃபார்ம் இல்லாமலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு தலைமுறையாகப் பழகிப்போன ஒன்றைக் கேள்வியாக்குவது சிரமம்தான். ஆனாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை உள்ள வீடுகளில் ஒவ்வொரு ஜூனிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கும்: துணி எடுக்கக் காசு எங்கே? அந்த வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். எல்லாரும் ஒரே நிறம், ஒரே தையல் என்றால் சீருடை. ‘கிழிந்த ஜீன்ஸ் கூடாது, கை இல்லாத மேல்சட்டை கூடாது’ என்று எல்லைகளை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைப் பிள்ளையிடம் விட்டால் அது உடை விதி. நம் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது இதுதான். மூன்றாவது வகையைப் பிள்ளைகள் ‘கலர் டிரஸ்’ என்பார்கள். நம் பள்ளிகளில் அது பிறந்தநாளுக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் கிடைக்கிற சலுகை. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பள்ளிதான் அங்கே சீருடை கேட்கிறது, அதிலும் உயர்நிலைப் பள்ளிகளில் இன்னும் குறைவு. அங்கே ‘வேண்டுமா’ என்று கேட்பது புதிதாகக் கொண்டுவரலாமா என்ற பொருளில். நமக்கு அது, இருப்பதை எப்படி வைத்துக்கொள்வது என்ற பொருளில் வருகிறது.

அடுத்தது ‘கட்டாயம்’. ஒரு பள்ளியில் சீருடை எவ்வளவு கட்டாயம் என்பது சுற்றறிக்கையில் தெரியாது; சீருடை இல்லாமல் ஒரு பிள்ளை வந்த அன்று காலைப் பிரேயரில் தெரியும். ஒரு பள்ளியில் வகுப்பாசிரியர் காரணம் கேட்டுவிட்டு உட்காரச் சொல்வார். இன்னொன்றில் பி.டி. சார் வரிசையிலிருந்து தனியே நிறுத்துவார். வேறொன்றில் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று பள்ளியிலும் விதி ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிள்ளை அன்றைக்குப் பாடத்தை இழக்கிறது. அதே மாதிரி நாலு நாள் ஆனால் பள்ளிக்கு வருவதையே வெறுக்கிறது. சீருடை நல்லதா கெட்டதா என்ற சண்டையைவிட இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது என்பது என் எண்ணம்.

எங்கிருந்து வந்தது

பள்ளிச் சீருடைக்குப் பிறந்த இடம் இங்கிலாந்து என்பார்கள். 1552இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் நீல அங்கி கொடுத்தார்கள். இன்றும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் போடுகிறார்கள். வசதியானவர்களின் பள்ளிகள் சீருடையைப் பெருமைச் சின்னமாக மாற்றிக்கொண்டது பிற்பாடுதான். தொடக்கத்தில் அது தர்மமாகக் கொடுத்த துணி.

தமிழ்நாட்டில் சீருடையின் கதையும் கொடுப்பதில்தான் ஆரம்பிக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். கரும்பலகை, பெஞ்சு, சுற்றுச்சுவர் என்று பள்ளிக்கு வேண்டியதை ஊராரே கொண்டுவந்து தருவார்கள். அந்த வரிசையில் பிள்ளைகளுக்கான சீருடையும் இருந்தது. மதிய உணவும் சீருடையும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கம்: பசியோடும் கிழிசலோடும் பிள்ளை வகுப்பில் உட்காரக் கூடாது. 1985இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை அரசுத் திட்டமானது. 2012–13 கல்வியாண்டிலிருந்து ஆண்டுக்கு நான்கு செட். துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. ஆக ஒரு சீருடைக்குள் தறிக்காரர் வீட்டுக் கூலியும் தையல்காரம்மா வீட்டுக் கூலியும் இருக்கிறது.

நான்கு செட் என்பதை ஆடம்பரமென்று நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு செட் வைத்திருக்கிற பிள்ளைக்கு மூன்றாம் நாள் ஈரச் சட்டைதான். போர் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வெள்ளைச் சட்டை தீபாவளிக்குள் பழுப்பேறிவிடும். 2015 வெள்ளத்தில் பெட்டியோடு எல்லாம் போன வீடுகளும் இந்த மாவட்டத்தில் நிறைய. அப்போது நனைந்துபோன புத்தகத்துக்கும் சீருடைக்கும் பதில் புதிதாகத் தருவதாக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. அந்த இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு செட்டுக்காகப் பிள்ளைக்கு 600 ரூபாய் என்று ஒதுக்குவதும் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் சீருடை கட்டாயம் அப்படியே தொடர்கிறது. கொடுப்பது மட்டும் நின்றுபோகிறது. பிள்ளை ஒரே கோடையில் நான்கு விரல்கடை வளர்ந்து, பழையது எதுவும் சேராமல் போகிற வயசு அது. இறக்கிவிட மடிப்பு இருந்தால் பார்க்கலாம். இலவசத் துணியில் அவ்வளவு மடிப்பு விட்டிருக்க மாட்டார்கள்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்புப் பக்கம் இது இன்னும் இறுக்கும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரத்தில். விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் இரண்டு மாதமாக வருமானம் இல்லாத அதே வாரத்தில்தான் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைக்குப் போய்த் துணி எடுக்க வேண்டும், தையற்கூலி கொடுக்க வேண்டும். தடைக்கால நிவாரணத் தொகை வந்திருந்தால் அரிசிக்கும் கடனுக்கும் போக மிச்சம் பார்க்கலாம். இந்தக் கால அட்டவணையை யாரும் வேண்டுமென்று போடவில்லை. ஆனால் சீருடையைக் கட்டாயமாக்குகிறவர்கள் இதைத் தெரிந்துதான் பேச வேண்டும்.

சமமாக்குகிறதா?

சீருடைக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது, ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாது என்பது. வகுப்பறைக்குள் இது கணிசமாக உண்மை. கலர் டிரஸ் போடுகிற ஒரு நாளில் பாருங்கள்: யாருக்குப் புதுச் சட்டை, யாருக்கு அண்ணன் சட்டை, யார் அன்றைக்கு வரவே இல்லை என்று தெரிந்துவிடும். அன்றைக்கு வராதவர்களின் பெயரை எந்த வருகைப் பதிவும் தனியாகச் சொல்லாது. உயர்நிலைப் பள்ளி வயதில் இந்தக் கூச்சம் இன்னும் பெரிது, அதனால் சீருடையின் உதவியும் பெரிது.

ஆனால் பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் அதே சீருடை வேறு வேலை செய்கிறது. மஞ்சக்குப்பத்தில் காலை எட்டரை மணிக்கு நின்றால், எந்தச் சீருடை அரசுப் பள்ளி, எது உதவி பெறும் பள்ளி, எது டையும் ஷூவும் கேட்கிற மெட்ரிக் பள்ளி என்று ஊர்க்காரர் யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரே பள்ளிக்குள் இருந்த வித்தியாசத்தை அழித்த துணி, பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே இருக்கிற வித்தியாசத்தை முதுகில் எழுதிவைக்கிறது. கூட்டமான பஸ்ஸில் கண்டக்டரின் குரல் சீருடைக்குச் சீருடை மாறுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இதற்கு மருந்து சீருடையை எடுப்பதல்ல. எடுத்தாலும் செருப்பும் பையும் சொல்லிவிடும். ‘சீருடை வந்தால் சமத்துவம் வந்தாயிற்று’ என்று முடித்துவிட முடியாது, அவ்வளவுதான்.

சாதி இன்னும் பிடிவாதமானது. எல்லாரும் ஒரே சட்டை போட்டால், கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சைக்கிள் பெயின்ட்டில், டாலரில், நெற்றியில் வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டியபோது, அவர்கள் எல்லாரும் பள்ளியில் ஒரே சீருடையில் உட்கார்ந்தவர்கள்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நெற்றிக் குறி விஷயத்தில் எதிர்ப்பும் வந்தது. கயிற்றை அறுத்துவிட்டால் மனதிலிருப்பது போகுமா என்று கேட்கலாம், போகாதுதான். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிவது அடிதடிக்கு வசதி. அந்த வசதியைக் குறைப்பது உருப்படியான வேலை.

சீருடையின் சின்ன உபயோகங்களையும் சொல்லிவிட வேண்டும். ஜூனில் புது பஸ் பாஸ் வரும்வரை, சீருடையில் இருந்தால் அரசுப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பார்கள். அந்த வாரங்களில் சட்டைதான் டிக்கெட். பள்ளி நேரத்தில் சில்வர் பீச்சில் சுற்றுகிற பையனை ஊரார் அடையாளம் கண்டு விரட்டுவதும் இதனால்தான். அதற்காகவே பையில் இன்னொரு டீ-சர்ட் வைத்திருக்கும் பையன்களும் உண்டு.

ஒழுக்கமும் மார்க்கும்

சீருடை போட்டால் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள், நன்றாகப் படிப்பார்கள் என்பது இரண்டாவது வாதம். இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, அதிகமும் அமெரிக்காவில். காரணம் எளிது: சில பள்ளிகளில் சீருடை இருந்து சிலவற்றில் இல்லாவிட்டால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நம் ஊரில் எல்லாப் பள்ளியிலும் இருப்பதால் எதோடு ஒப்பிடுவது?

1994இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கியது. பள்ளிகளில் அடிதடியும் குற்றங்களும் வெகுவாகக் குறைந்ததாக அறிவித்தார்கள். 1996இல் அதிபர் கிளின்டன் நாடாளுமன்ற உரையிலேயே சீருடையை ஆதரித்துப் பேசினார். பல ஊர்கள் லாங் பீச்சைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. ஆனால் அதே காலத்தில் அந்தப் பள்ளிகளில் வேறு சீர்திருத்தங்களும் நடந்துகொண்டிருந்தன. வைத்தியர் கஷாயமும் கொடுத்து, பத்தியமும் சொல்லி, ஊசியும் போட்ட பிறகு காய்ச்சல் இறங்கினால் எதனால் இறங்கியது என்று எப்படிச் சொல்வது? 1998இல் டேவிட் பிரன்ஸ்மா, கெர்ரி ஆன் ராக்கமோர் என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களின் தேசிய அளவிலான தரவை எடுத்துப் பார்த்தார்கள். வருகை, ஒழுங்கீனம், போதைப் பழக்கம் எதிலும் சீருடையால் நேரடி விளைவு தெரியவில்லை என்றார்கள். 2012இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, மேல் வகுப்புகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வருகை கொஞ்சம் கூடியதைக் கண்டது. மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கென்யா. அங்கேயும் நம்மைப் போலவே சீருடை பழக்கம். வாங்குவது பெற்றோர் செலவு. சில பிள்ளைகளுக்கு மட்டும் குலுக்கல் முறையில் இலவசமாகக் கொடுத்து, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். கிடைத்தவர்கள் பள்ளிக்கு வராமல் நிற்பது குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் மாற்றம் இன்னும் அதிகம். எஸ்தர் டஃப்லோ, பாஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரேமர் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் இலவசச் சீருடை பெற்ற பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும் இளவயதில் கர்ப்பமாவதும் குறைந்திருந்தது. பலன் எப்போதைக்கும் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. முதல் சோதனைப் பிள்ளைகளைப் பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் மங்கியிருந்தது. இருந்தாலும் அமெரிக்க ஆய்வையும் கென்ய ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில் கிடைத்தது சொற்பம். வாங்க முடியாத பிள்ளைக்குக் கொடுத்ததில் கிடைத்தது கண்ணுக்குத் தெரிகிற அளவு.

யார் உடம்பு, யார் முடிவு

உயர்நிலைப் பள்ளி என்றால் பதினான்கு, பதினைந்து வயது. ‘நான் யார்’ என்று உடையில் சொல்லிப் பார்க்கத் தொடங்கும் வயது. அமெரிக்கர்கள் இதைக் கருத்துச் சுதந்திரமாகப் பார்க்கிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களின் வழக்கில், பள்ளி வாசலோடு மாணவரின் உரிமை முடிந்துவிடாது என்று 1969இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. டிங்கர் வழக்கு என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டில் இது மதத்தோடு சேர்ந்துதான் வந்தது. கர்நாடக அரசு 2022 பிப்ரவரி 5இல் போட்ட சீருடை ஆணையால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்கு வெளியே நின்றார்கள். மார்ச் 15இல் உயர் நீதிமன்றம் ஆணை சரி என்றது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். முஸ்லிம்கள் நிறைய வாழும் பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் இது பெரிய கேள்வியாகவே இருந்ததில்லை. சீருடை நிறத்துத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள், பாடம் நடக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் செருப்பில்லாமல், தாடியோடு வருகிறான், பி.டி. சாரும் கண்டுகொள்வதில்லை. விதியின் எழுத்தைவிட ஊரின் நிதானம் நன்றாக வேலை செய்கிற இடம் இது. ஒரு பக்கத்துக்கு மட்டும் நிதானம், இன்னொரு பக்கத்துக்கு விதி என்று ஆகாத வரைக்கும்.

எல்லை தாண்டினால் புதுச்சேரி. கடலூர் பஸ்ஸில் முள்ளோடை தாண்டிவிட்டால் வேறு அரசு. அங்கேயும் இலவசச் சீருடைத் திட்டம் உண்டு. ஆனால் அந்த ஊரை 1954 நவம்பர் 1 வரை ஆண்ட பிரான்சின் அரசுப் பள்ளிகளில் சீருடைப் பழக்கம் கிடையாது. பிரான்சில் உறவுக்காரர்கள் இருக்கும் பாண்டிச்சேரிக் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம். சீருடை இல்லை என்பதால் உடைக்குக் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமல்ல. கண்ணை உறுத்தும் மத அடையாளங்களை அரசுப் பள்ளியில் அணியக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டார்கள். 2024இல் சில பள்ளிகளில் சீருடையைச் சோதனையாகவும் தொடங்கினார்கள்.

பெண் பிள்ளைகளின் சீருடை தனிக் கதை. பெரிய வகுப்புக்குப் பாவாடை தாவணி என்றிருந்தது மாறிச் சுடிதார் வந்தபோது, பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த இலவச சைக்கிளை ஓட்டுவது எளிதானது. 2021 டிசம்பரில் கேரளத்தின் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பையன்களைப் போலவே பேண்ட், சட்டையைக் கொண்டுவந்தபோது வரவேற்பும் எதிர்ப்பும் சேர்ந்தே வந்தன. எனக்கு இதில் நிலைப்பாடு எதுவும் பெரிதாக இல்லை, ஒன்றைத் தவிர: கீழே போடுவது வெளிர் நிறமாக இருக்கக் கூடாது. மாதவிலக்கு நாளில் வெள்ளைப் பேண்ட்டோடு கடைசி பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பது என்னவென்று, நிறத்தைத் தேர்வு செய்யும் குழுவில் ஒரு பெண் இருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆக, கேட்டால் என் பதில்: உயர்நிலைப் பள்ளியிலும் சீருடை இருக்கட்டும். ஆனால் கட்டாயம் முதலில் கொடுப்பவருக்கு, பிறகுதான் போடுபவருக்கு. இலவசச் சீருடை பன்னிரண்டாம் வகுப்பு வரை போக வேண்டும், அதுவும் பள்ளி திறக்கும் நாளுக்கு முன்பே. சீருடை இல்லாத காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. தனியார் பள்ளிகளில் படிக்க வைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: பள்ளிக்குள்ளேயோ, குறிப்பிட்ட கடையிலேயோதான் சீருடை வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு 2017இலேயே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் எங்கே கேட்பது என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குச் சீருடை இல்லை, அவர்களை என்ன செய்கிறீர்கள், நிறம் மாற்றுவதாக இருந்தால் பழையதை இன்னொரு வருஷம் போட விடுவீர்களா என்று கேளுங்கள். நன்கொடை தருகிறேன் என்று வரும் முன்னாள் மாணவர்களிடம் ஸ்மார்ட் போர்டு கேட்பதற்கு முன் பேண்ட் துணி கேட்கலாம். அளவு எடுக்கும்போது கீழே மூன்று அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு வரை இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.